அடைத்த கதவும் அடங்காத புகையும்

“மூடு கடையை!”

“மூடிவிட்டேன். ஆனால், பக்கத்துக் கடை திறந்தே இருக்கிறதே?”

“அது இன்றியமையாத கடை!”

“அப்படி என்ன விற்கிறார்கள் அங்கே?”

“செய்தித்தாள், தின்பண்டம், சிகரெட்!”

“நான் விற்றது என்ன?”

“சிகரெட்டை விட்டொழிக்க விரும்பியவனுக்கு மாற்றுப் பொருள். அது இன்றியமையாதது அல்ல. பூட்டு!”

நாடக மேடைக்கென எழுதப்பட்ட நையாண்டி என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! பேச்சு என் கற்பனை, நிலைமை கற்பனையன்று. பாராளுமன்றங்களின் தாய் என்று பாராட்டப்படும் நாட்டிலே, பட்டப்பகலிலே, சட்டப்படி நடைபெற்ற நிகழ்ச்சி அது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் இரவு, பிரிட்டனின் தலைமை அமைச்சர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியிலே தோன்றினார். கொரோனா எனும் கொள்ளை நோய் நாட்டைக் கவ்விக்கொண்டிருந்த நேரம். வீட்டைவிட்டு வெளியே வராதீர் என்றார். இன்றியமையாப் பொருள் விற்கும் கடைகள் தவிர ஏனைய கடைகள் மூடப்படும் என்றார். கூறியதிலே குற்றமில்லை. நோய் பரவிடும் வேளையிலே கூட்டத்தைக் குறைக்க அரசு ஆணையிடுவதை அறிவுடையோர் எவரும் குறைகூறார். ஆனால், ஆணையைத் தொடர்ந்து ஒரு பட்டியல் வந்தது: எந்தக் கடை திறந்திருக்கலாம், எந்தக் கடை மூடவேண்டும் என்று கூறும் பட்டியல். அதைத்தான் நாம் படித்துப் பார்க்கவேண்டும். ஒரு நாட்டின் சட்டப் புத்தகம் சொல்லாத உண்மையை, சிற்சில வேளைகளில், ஒரு கடைப்பட்டியல் சொல்லிவிடும்!

மருந்துக்கடை திறந்திருக்கலாம், உணவுக்கடை திறந்திருக்கலாம், வங்கியும் அஞ்சலகமும் திறந்திருக்கலாம். நல்லது. செய்தித்தாள் கடையும் திறந்திருக்கலாம். அதுவும் நல்லதே; நாடு நலிந்திருக்கும்போது நடப்பது என்ன என்று மக்கள் அறியவேண்டுமல்லவா! ஆனால், அந்நாட்டுச் செய்தித்தாள் கடையிலே செய்தி மட்டுமா கிடைக்கும்? சிகரெட்டும் கிடைக்கும். பேரங்காடியிலே ரொட்டியும் பாலும் மட்டுமா? அங்கும் சிகரெட் கிடைக்கும். மதுக்கடை முதற்பட்டியலிலே இல்லை. இரண்டே நாள்! 25ஆம் நாள் மதுக்கடையும் இன்றியமையாக் கடையாக ஏற்றம் பெற்றுவிட்டது. துணிக்கடையோடும் காலணிக் கடையோடும் சேர்ந்து வெளியே நின்றது வேப் கடை. அதாவது, மின் சிகரெட் விற்கும் கடை. இங்கிலாந்திலே ஜூன் 15 வரையில் அதன் கதவு திறக்கவில்லை. நவம்பரிலே மீண்டும் 4 வாரம் பூட்டு. 2021 ஜனவரியிலே மீண்டும் பூட்டு. ஏப்ரல் 12 வரை அது தொடர்ந்தது. மும்முறை அடைப்பு! மும்முறையும் பக்கத்துக் கடையிலே தங்குதடையின்றிச் சிகரெட் விற்பனை!

டோவர் கடலிடுக்கைக் கடந்து அக்கரை செல்வோம். அகலம் 21 மைல்தான். அதே மார்ச்சுத் திங்களில் பிரான்சு நாடும் கதவடைத்தது. அங்கும் ஒரு பட்டியல் வெளிவந்தது. அதிலே புகையிலைக் கடையும் திறந்திருக்கலாம், மின் சிகரெட் கடையும் திறந்திருக்கலாம் என்று எழுதப்பட்டிருந்தது. நோய் ஒன்றுதான், மனித உடலின் அமைப்பும் ஒன்றுதான், மருத்துவ நூல் கூறுவதும் ஒன்றுதான். ஆனால், அக்கரையில் இன்றியமையாதது, இக்கரையில் வேண்டாதது! இரண்டும் இரண்டும் நான்கு என்பது 21 மைல் கடலைக் கடந்ததும் ஐந்தாகிவிடுவதில்லை. எனவே, இந்தப் பட்டியல்களைப் பெற்றெடுத்தது அறிவியல் மட்டுமன்று என்பது தெளிவாகிறது. வேறு எது? அதைத்தான் ஆராயவேண்டும்.

* * *

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். மின் சிகரெட்டிலே தீ இல்லை. சிறு பேட்டரி ஒன்று கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. சூட்டிலே நிகோடின் கலந்த நீர்மம் ஆவியாகிறது. ஆவியை இழுக்கிறான் மனிதன். சீன மருந்தியலாளர் ஹான் லிக் 2003ல் உருவாக்கிய கருவி, இன்று உலகில் விற்கப்படும் கருவிகளுக்கு முன்னோடி. சிகரெட்டிலே மனிதனைக் கொல்வது பெரும்பாலும் எரிந்த இலையின் புகை. அதிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் பிற நஞ்சுகளும். மனிதனைக் கட்டிப்போடுவதோ நிகோடின். கொலைஞன் ஒருவன், கொலைக்களத்துக்கு நாள்தோறும் அழைத்து வருபவன் இன்னொருவன்! மின் சிகரெட் முன்னவனைப் பெரிதும் விலக்கிவிட்டுப் பின்னவனை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆகவே, அது தீங்கற்றது என்று கூறிவிட முடியாது. சிகரெட்டுக்கு இணையான தீங்கு என்றும் கூறிவிட முடியாது. இங்கிலாந்தின் பொதுநலத் துறை 2015ல் வெளியிட்ட அறிக்கை, சிகரெட்டைவிட மின் சிகரெட்டின் தீங்கு ஏறத்தாழ 95 விழுக்காடு குறைவு என்று மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையை ஐயுற்ற அறிஞர்களும் உண்டு; ஐயுறவேண்டியதும் அறிவின் கடமையே. எனினும், புகைப்பவன் சிகரெட்டை அறவே விட்டு அதற்கு மாறினால் தீங்கு குறைகிறது என்பதை அந்நாட்டு மருத்துவப் பெருமன்றமும் 2016ல் ஏற்றுக்கொண்டது. 2019ல் அங்கே 886 பேரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவையும் கேளுங்கள். சிகரெட்டை விட விரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு மின் சிகரெட் தந்தனர். மற்றப் பகுதியினருக்கு நிகோடின் பட்டை, மெல்லும் பசை போன்றவற்றைத் தந்தனர். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, முதற்பகுதியில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தனர், மற்றதில் 9.9 விழுக்காட்டினர். ஆனால், மின் சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்களிலே 80 விழுக்காட்டினர், ஓராண்டு கழித்தும் மின் சிகரெட்டை விடவில்லை! இந்த 80ஐ நினைவிலே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. பிறகு அதனிடம் திரும்பி வருவோம்.

இனி ஓர் ஆளை எண்ணிப் பாருங்கள். மான்செஸ்டரிலே பஞ்சாலையிலோ பண்டகசாலையிலோ உழைத்து, 20 ஆண்டு சிகரெட் பிடித்து, இருமி இருமி இளைத்தவன். மனைவி மன்றாடினாள், மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ முறை விட்டான். எத்தனையோ முறை தொட்டான். இறுதியில் தெருமுனை வேப் கடைக்காரன், எந்தக் கருவி, எவ்வளவு நிகோடின், எப்படிச் சிறிது சிறிதாகக் குறைப்பது என்றெல்லாம் கற்றுக் கொடுத்தான். ஆறு திங்கள் ஆயின, சிகரெட்டைத் தொடவில்லை. 2020 மார்ச்சு 24 வந்தது. கையிலே உள்ள நீர்மம் தீரும் நேரம். வேலை போய்விடுமோ என்ற அச்சம். மூதாட்டி அன்னையைப் பார்க்க முடியாத வேதனை. நாற்சுவருக்குள்ளே நாள் முழுதும் முடக்கம். பழைய பேய் கதவைத் தட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான வேளை ஏது? தெருவிலே இறங்குகிறான். கற்றுக் கொடுத்தவன் கடை பூட்டிக் கிடக்கிறது. அடுத்த கடை திறந்திருக்கிறது. அங்கே அவனுடைய பழைய எசமானன், பெட்டிக்குள்ளே 20 ஆளாக நின்று, வா வா என்று அழைக்கிறான்!

“பேரங்காடியிலும் சிலவகை மின் சிகரெட் கிடைத்ததே! அஞ்சலிலும் வரவழைக்கலாமே!” என்று கூறுவர் சிலர். உண்மை. பலர் அப்படித்தான் வாங்கினர். கணிப்பொறியிலே கட்டளையிட்டு வீட்டு வாயிலிலே பெற்றுக்கொண்டனர். ஆனால், கணிப்பொறி பழகாத முதியவனுக்கு? நேற்றுத்தான் சிகரெட்டை விட்டு, எதை வாங்குவது என்றே அறியாத புதியவனுக்கு? தேர்ந்தவன் தப்பித்தான், தடுமாறியவன்தான் தவித்தான். எந்த ஆணையிலும் இதுதான் நடக்கிறது: வலுவுள்ளவன் வழி கண்டுகொள்வான், வலுவற்றவன்மீதுதான் கதவு சாத்தப்படும்.

“கடையை மூடியது நஞ்சுக்கு அஞ்சியன்று, நோய்த்தொற்றுக்கு அஞ்சி” என்பது அவர்களின் இரண்டாவது வாதம். சிறிது வலுவுள்ள வாதம். மதித்து விடை கூறவேண்டும். ஊதிப் பார்த்து வாங்கும் கடையிலே தொற்று அச்சம் இருக்கத்தான் செய்யும். அப்படியானால், ‘ஊதிப் பார்க்காதே, உள்ளே விடாதே, வாயிலிலே நின்று விற்றுக்கொள்’ என்று விதித்திருக்கலாமே! பிந்திய அடைப்புகளின்போது, முன்கூட்டிக் கேட்டுவிட்டு வாயிலிலே பெற்றுக்கொள்ளும் முறையை அந்த அரசே ஏனைய கடைகளுக்கு அனுமதித்ததே! ‘எப்படி விற்கிறாய்’ என்று கேட்பது நோய்த்தடுப்பு. ‘எது இன்றியமையாதது’ என்று கேட்டுவிட்டுச் சிகரெட்டின்மீது கை வைக்காமல் விடுவது நோய்த்தடுப்பு ஆகாது.

* * *

எது இன்றியமையாதது? கேள்வி சிறியது, அதன் வேர் ஆழமானது.

உடல் கேட்கும் தேவை ஒன்று உண்டு: சோறு, நீர், மருந்து, கூரை. கூடி வாழ்வதனால் எழும் தேவை இன்னொன்று: கல்வி, செய்தி, போக்குவரத்து. மூன்றாவது ஒன்று உண்டு. அது பழக்கம் பெற்றெடுத்த தேவை. பிறக்கும்போது எந்தக் குழந்தையும் நிகோடின் கேட்டு அழுவதில்லை. முதல் சிகரெட் இனிப்பதுமில்லை; இருமல்தான் வருகிறது. உடல் வேண்டாம் என்கிறது. நண்பன் வேண்டும் என்கிறான். விளம்பரம் வேண்டும் என்கிறது. சில திங்கள் கழிந்ததும் உடலே வேண்டும் என்று கதறுகிறது. கை நடுங்குகிறது, தூக்கம் கெடுகிறது, சினம் சீறுகிறது. அந்தத் தவிப்பு நடிப்பன்று. அதை எள்ளி நகையாடுபவன் இரக்கமற்றவன். ஆனால், தவிப்பு உண்மை என்பதால் தேவை இயற்கை ஆகிவிடுமா? மற்றக் கடைகள் பசி வந்தவனுக்குச் சோறு விற்கின்றன. இந்தக் கடையோ பசியை உண்டாக்கிவிட்டுச் சோறு விற்கிறது!

இந்த மூன்றாவது தேவைதான், முதல் தேவையின் முகமூடி அணிந்துகொண்டு, பட்டியலிலே நுழைந்தது. எப்படி நுழைந்தது? மூப்பைக் காட்டி நுழைந்தது! சிகரெட் பழைய பாவம்; ஆகவே, அதற்கு நாற்காலி உண்டு. மின் சிகரெட் புதிய பாவம். ஆகவே, அது வாயிலிலே நிற்கவேண்டும். மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604ல் புகையிலையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். கண்ணுக்குக் கேடு, மூக்குக்குக் கேடு, மூளைக்குக் கேடு என்று சீறினார். அதே ஆண்டில் புகையிலை இறக்குமதிக்கு வரியையும் பன்மடங்கு உயர்த்தினார். ஒரு கையிலே கண்டன நூல். மறு கையிலே வரிப்பெட்டி! 4 நூற்றாண்டுகள் உருண்டோடின. முடி மாறிற்று, ஆட்சி முறை மாறிற்று. அந்த இரண்டு கைகளும் மாறவில்லை. நீண்ட நாள் இருந்தது, நிறைய வருவாய் தருவது, நிரம்பப் பேர் பழகியது. இம்மூன்றும் சேர்ந்தால் எந்தத் தீமைக்கும் ‘இன்றியமையாமை’ எனும் பட்டம் கிடைத்துவிடும். பழமையின் பெயரால் பாழ்பட்ட பழக்கங்கள் உலகெங்கும் பிழைத்திருப்பது இந்த வழியாலேதானே!

மதுவுக்குக் கிடைத்த மதிப்பின் விளைவையும் பாருங்கள். மதுவினால் நேரடியாக விளைந்த சாவுகள் பிரிட்டனிலே 2019ல் 7,565. 2020ல் 8,974. ஒரே ஆண்டிலே 1,400க்கு மேற்பட்ட கூடுதல் பிணங்கள்! மதுவருந்தும் மன்றங்கள் மூடிக் கிடந்த ஆண்டு அது. தெருவிலே குடிப்பது குறைந்தது. வீட்டிலே, தனிமையிலே, துயரத்திலே குடிப்பது வளர்ந்தது. இன்றியமையாப் பொருள் என்று ஏட்டிலே எழுதிய கை, இந்த எண்ணிக்கையையும் எழுதவேண்டி வந்தது.

* * *

“அப்படியானால், அத்தனையையும் மூடிவிடு! சிகரெட்டும் வேண்டாம், மின் சிகரெட்டும் வேண்டாம்!” என்று ஆர்த்தெழுகிறான், நெஞ்சில் நெருப்புக் கொண்ட இளைஞன். நெருப்பை மதிக்கிறேன், ஆனால், அதையும் செய்து பார்த்த நாடு ஒன்று உண்டு.

தென்னாப்பிரிக்கா, 2020 மார்ச்சு 27 முதற்கொண்டு, சிகரெட் விற்பனையை நிறுத்திற்று, மின் சிகரெட் விற்பனையையும் நிறுத்திற்று, மதுவையும் நிறுத்திற்று. ஏப்ரல் 23ல் குடியரசுத் தலைவர் ராமபோசா, சிகரெட் விற்கலாம் என்றார். ஒரு வாரத்துக்குள் அமைச்சர் என்கோசசானா ட்லாமினி சூமா, விற்கலாகாது என்றார். ஒரு சுருட்டைப் பலர் வாய் மாற்றிப் புகைப்பதால் நோய் பரவும் என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று. ஆகஸ்டு 17 வரையில், ஏறத்தாழ 5 திங்கள், தடை நீடித்தது. நோக்கம் நல்லது, நுரையீரலைத் தாக்கும் நோயின் நாட்களிலே நுரையீரலைக் காக்கும் எண்ணம்.

விளைவு? கேப் டவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஜூன் திங்களில் புகைப்போரிடையே கேட்டறிந்தனர். தொடர்ந்து புகைத்தவர்களில் 93 விழுக்காட்டினர், தடைக் காலத்திலேயே சிகரெட் வாங்கியிருந்தனர்! விலை, பழைய விலையைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு! விட்டவர்களும் உண்டு, தடை அவர்களுக்கு உதவிற்று, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால், பெரும்பாலோர் விடவில்லை. வேறு கடைக்குப் போனார்கள். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை, விலைப்பட்டியல் இல்லை, வயது கேட்கும் வழக்கமில்லை, வரி கட்டும் வழக்கமும் இல்லை. அரசு கதவை அடைத்தது, புகை அடங்கவில்லை, சந்து வழியே வந்தது. வழக்கு மன்றம் சென்றது. ஜூன் திங்களில் பிரிட்டோரியா நீதிமன்றம் தடை செல்லும் என்றது; டிசம்பரிலே மேற்குக் கேப் நீதிமன்றம் செல்லாது என்றது; 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் செல்லாது என்பதையே உறுதிசெய்தது. அதற்குள் கள்ளச் சந்தை நன்றாகக் கால் ஊன்றிக்கொண்டது.

இதனால் அறிவது என்ன? சட்டம் கடையைப் பூட்டும். ஆசையைப் பூட்ட அதனிடம் சாவி இல்லை. ஆசைக்கு உரியவன் கையிலே அந்தச் சாவி இருக்கிறது. அவன் அறியாமல், அவன் இசையாமல், அவனுக்கு உதவி செய்யாமல், வெளியிலிருந்து பூட்டினால், அவன் சாளரத்தை உடைத்துக்கொண்டு வெளியேறுவான்.

நமது நாட்டிலும் இந்தக் கதைக்கு ஒரு பக்கம் உண்டு. மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றை இந்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் தடுத்தது. டிசம்பரில் அது முழுச் சட்டமாயிற்று. இளைஞரைக் காக்க என்றனர். இளைஞரைக் காக்கட்டும்! ஆனால், அதே தெருவிலே, அதே இளைஞன் கண்ணெதிரே, பெட்டிக்கடையிலே சிகரெட்டுச் சரம் தொங்குகிறதே, பீடிக்கட்டு அடுக்கியிருக்கிறதே, அதற்கு யார் விடை கூறுவது? தமிழகத்திலே 2020 மே 7ல், சென்னை நீங்கலாக, மதுக்கடைகள் திறக்கப்பட்டன. மறுநாள் உயர்நீதிமன்றம் மூடச் சொல்லிற்று. 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. 16ஆம் நாள் கதவு மீண்டும் திறந்தது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. படிப்பகம் பூட்டிக் கிடந்தது. இங்கிலாந்தைப் பார்த்து நகைக்கும் உரிமை நமக்கு இல்லை, தோழர்களே!

* * *

கொள்ளை நோய்க் காலத்திலே இன்னொரு கூத்தும் நடந்தது; பகுத்தறிவாளர் அதைப் படித்தறிதல் நலம். பாரிசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள், கொரோனாவால் சேர்ந்த நோயாளிகளிடையே புகைப்போர் தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கக் கண்டு, நிகோடினுக்குத் தடுப்பாற்றல் இருக்குமோ என்று 2020 ஏப்ரலில் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். ‘இருக்குமோ’ என்றுதான் அவர்கள் கேட்டனர். ஊர் அதை ‘இருக்கிறது’ என்று படித்தது! மக்கள் நிகோடின் பட்டை தேடி ஓடிவிடக் கூடாது என்று, மருந்துக்கடையிலே ஒருவருக்கு ஒரு திங்களுக்கு உரிய அளவுக்குமேல் விற்கக்கூடாது என்று பிரெஞ்சு அரசு ஆணையிடவேண்டி வந்தது. புகைப்போருக்கு நோய் முற்றிக் கடுமையாகும் வாய்ப்பே மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் மே திங்களில் கூறிற்று. ஐயம் என்பது அறிவின் முதற்படி. அதையே முடிவாக்கிக்கொண்டால் மூடநம்பிக்கையின் முதற்படி!

அறிவுலகம் போற்றும் பெர்ட்ரண்டு ரஸ்ஸலும் குழாயிலே புகைத்தவர்தான். 1948 அக்டோபரில், நார்வே நாட்டிலே, அவர் சென்ற கடல் விமானம் நீரிலே கவிழ்ந்தது; 19 பேர் மாண்டனர். 76 வயதான ரஸ்ஸல் நீந்தித் தப்பினார். புகைப்போருக்கு என ஒதுக்கப்பட்ட பகுதியிலே அமர்ந்ததால்தான் பிழைத்தேன் என்று பின்னர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. நகைத்துக்கொள்வோம், ஆனால், புகைத்தால் உயிர் பிழைக்கலாம் என்று அதிலிருந்து விதி வகுக்கமாட்டோம். ரஸ்ஸலே வகுக்கவில்லை. அவருடைய அறிவை ஏற்போம். அவருடைய குழாயை ஏற்கவேண்டியதில்லை. பெரியவர் செய்தார் என்பதற்காகச் சரியாகிவிடுவதில்லை எதுவும்.

* * *

“இது எங்கள் உரிமை!” என்று குரல் கொடுக்கிறது வாணிபம். உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளம் உருகும் என்பதை அது அறியும். ஆகவே, அந்தச் சொல்லைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

உரிமை பற்றி 1859ல் நூல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், பிறருக்குத் தீங்கு செய்யாதவரையில் ஒருவன் தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளலாம் என்று வாதாடினார். மதுவிலக்குச் சட்டத்தையும் எதிர்த்தார். அதே நூலில் அவரே ஓர் எல்லையும் வகுத்தார்: தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை எவனுக்கும் இல்லை, ஏனெனில், அந்த ஒரு செயலாலே அவன் தன் உரிமை அனைத்தையும் ஒழித்துவிடுகிறான். மில்லின் முதற்பகுதியை விளம்பரத்திலே எழுதிக்கொள்ளும் வாணிபம், இரண்டாம் பகுதியை ஏன் எழுதுவதில்லை?

இப்போது அந்த 80ஐ எடுத்து வாருங்கள். சிகரெட்டை விட்டு மின் சிகரெட்டுக்கு வந்தவர்களில் 80 விழுக்காட்டினர், ஓராண்டு கழித்தும் அங்கேயே நின்றனர். அவர்களைப் பழிக்கமாட்டேன். சாவுக்கு அழைத்துச் செல்லும் பாதையிலிருந்து விலகி நின்றது பெரிய வெற்றி. இரும்பு விலங்கைக் கழற்றிவிட்டு நூல் விலங்கை மாட்டிக்கொண்டவன் முன்னேறியவனே. ஆனால், நூலானாலும் விலங்கு விலங்குதான் என்பதை அவனுக்கு நினைவூட்டும் நண்பன் ஒருவன் வேண்டும். வாணிபம் அந்த நண்பன் அல்ல. அவன் முழுதும் விடுபட்டுவிட்டால், அதன் கல்லாப்பெட்டிக்கு ஓர் ஆள் குறைகிறான்!

வாணிபத்தின் உள்ளக்கிடக்கை விரைவிலே வெளிப்பட்டது. அடைப்பு நீங்கிய பிறகு, 2021க்குப் பின், பிரிட்டன் கடைகளிலே ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் மின் சிகரெட்டுகள் வந்து குவிந்தன. மாம்பழ மணம், தர்ப்பூசணிச் சுவை, மிட்டாய் வண்ணம்! இருபதாண்டு இருமிய மான்செஸ்டர் உழைப்பாளிக்கா இந்த மிட்டாய் வண்ணம்? 2023ல் கணக்கெடுத்தபோது, 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் ஐந்தில் ஒருவர் மின் சிகரெட்டை ஒருமுறையேனும் சுவைத்திருந்தனர். அதே ஆண்டு, வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் கருவிகள் குப்பையிலே வீசப்பட்டன. 2025 ஜூன் 1ல், எறிந்துவிடும் வகையின் விற்பனையை அந்நாடு தடைசெய்தது. ‘புகைப்பவனைக் காக்க வந்தோம்’ என்று 2020ல் கண்ணீர் வடித்த அதே தொழில்தான், புகையே அறியாத சிறுவனையும் வாடிக்கையாளனாக்கிக்கொண்டது. மருந்து விற்பவன், நோயில்லாத வீட்டுக் கதவையும் தட்டத் தொடங்கினால், அவன் விற்பது மருந்து அல்ல!

* * *

நம் முடிவு என்ன?

அரசுக்கு ஒன்று கூறுவோம். எதை மூடுவது, எதைத் திறப்பது என்று முடிவு செய்யும்போது தீங்கை அளந்து முடிவு செய். மூப்பைப் பார்க்காதே, வருவாயைப் பார்க்காதே. பெருந்தீங்கைத் திறந்து வைத்துக்கொண்டு சிறுதீங்கைப் பூட்டாதே. பூட்டத்தான் வேண்டுமெனில், விட விரும்புவோனுக்கு மருத்துவனையும் மருந்தையும் முதலில் வாயிலுக்கு அனுப்பு, பிறகு பூட்டு.

வாணிபத்துக்கு ஒன்று கூறுவோம். விடுதலைக்கு ஏணி என்று சொல்லி விற்றாய். ஏணிக்கு மேற்படி வேண்டும். இறங்கி நடக்க மாடி வேண்டும். ஏறியவனை ஏணியிலேயே நிறுத்தி நாள்தோறும் வாடகை வாங்குவது ஏமாற்று.

மூன்றாவது சொல், நமக்கே. அடைப்புக் காலத்திலே கோடிக்கணக்கான மக்கள், வாழ்நாளில் முதன்முறையாக, தமக்கு வழக்கமான கதவு ஒன்று மூடியிருக்கக் கண்டனர். சிலருக்கு அது தேநீர்க் கடை, சிலருக்கு மதுக்கடை, சிலருக்கு வேப் கடை. அந்த மூடிய கதவின் எதிரே நின்ற ஒரு நொடியிலே, ஒவ்வொருவன் உள்ளத்திலும் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: ‘இது இல்லாமல் என்னால் இருக்க முடியுமா?’ சிலர் முடியும் என்று கண்டனர், விட்டனர். சிலர் முடியாது என்று கண்டனர், துணை தேடினர். பலர் அந்தக் கேள்வியைக் கேட்க அஞ்சி, அடுத்த கதவைத் தேடி ஓடினர். முதல்வனும் இரண்டாமவனும் சிந்தித்தவர்கள்; அவர்களுக்கு வணக்கம். மூன்றாமவன் நம் உடன்பிறப்பு. அவனை ஏளனம் செய்யாமல், அந்தக் கேள்வியை அவனோடு சேர்ந்து கேட்பது நம் கடமை.

பகுத்தறிவு என்பது பிறருடைய மடமையை அளக்க மட்டும் பயன்படும் அளவுகோல் அன்று. நம் சட்டைப் பையிலே இருப்பது என்ன, அதை அங்கே வைத்தது யார், நாமா, நம்மை ஆட்டுவிக்கும் வேறொருவனா என்று கேட்கவும் பயன்படவேண்டும். எழுதுகிற எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. படிக்கின்ற உமக்கும் ஒன்று இருக்கும். நாளைக் காலை, கொள்ளை நோய் வராமலே, அரசு ஆணையிடாமலே, அந்தக் கதவை ஒருநாள் நாமே அடைத்துப் பார்ப்போம். அடைத்த கைக்கு நடுக்கம் வந்தால், எசமானன் யார் என்பது தெரிந்துவிடும். அது தெரிந்த நாளே விடுதலையின் முதல் நாள்!